பழைய ஒர்க்ஸ்டேஷனில் ஃபேன் இரைச்சல்: லினக்ஸில் அடக்கும் வழி

டெல் பிரிசிஷன் டி3500, டி5500, டி3600, ஹெச்பி இசட்400, இசட்420, இசட்620 போன்ற இயந்திரங்களை செகண்ட் ஹேண்டில் வாங்கி லினக்ஸ் போட்டவர்கள் முதலில் தேடுவது ஃபேன் வேகத்தைக் குறைக்கும் மென்பொருளைத்தான். உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. இவற்றில் ஃபேன் வேகத்தை முடிவு செய்வது மதர்போர்டில் இருக்கும் கன்ட்ரோலர் சிப்பும் பயாஸும். ஏதோ ஒரு சென்சார் சூடு காட்டுவதால்தான் வேகம் ஏறுகிறது. அந்தச் சூட்டைத் தீர்க்காமல் வேகத்தை மட்டும் குறைத்தால் சத்தம் போய்விடும், சிபியு த்ராட்டில் ஆக (சூட்டைத் தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ள) ஆரம்பித்துவிடும்.

கீழே கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

கத்துவது எது?

ஒரு ஏ4 தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு ஃபேன் பக்கமும் வைத்தால் எது சத்தம் போடுகிறது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சுழலும் இறக்கையை விரலால் நிறுத்திப் பார்க்க வேண்டாம். ஒர்க்ஸ்டேஷன்களில் வரும் 38 மி.மீ. தடிமன் ஃபேன்கள் விரலைக் கிழித்துவிடும்.

சத்தத்தின் வகையையும் கவனியுங்கள். காற்று பாயும் இரைச்சல் மட்டும் என்றால் வேகம்தான் பிரச்சினை. கரகரவென்று உரசும் சத்தம், அதுவும் காலையில் முதல்முறை ஆன் செய்யும்போது அதிகமாகவும் சூடேறியபின் குறைவாகவும் இருந்தால், பேரிங் காய்ந்துவிட்டது. ஸ்டிக்கரைப் பிரித்து ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில் விட்டால் சில வாரம் ஓடும். ஆனாலும் புது ஃபேனுக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். ஒரே சுருதியில் ரீங்காரம் கேட்டு, பக்கத் தகட்டைக் கையால் அழுத்தியதும் அது நின்றால் அதிர்வுதான் காரணம். ஸ்க்ரூவும் ரப்பர் வாஷரும் போதும்.

சத்தம் பவர் சப்ளையிலிருந்து வந்தால் அதை லினக்ஸால் கட்டுப்படுத்த முடியாது. பவர் சப்ளையைப் பிரித்து ஃபேன் மாற்ற முயல வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதே மாடல் பவர் சப்ளையாகப் பார்த்து மாற்றுவதுதான் சரி.

இரைச்சல் பல சமயம் கிராபிக்ஸ் கார்டிலிருந்து வரும், சிபியு ஃபேனைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம். குவாட்ரோ 4000 போன்ற ப்ளோயர் கார்டு 142 வாட் வரை எடுக்கக்கூடியது. திரையில் எடிட்டரும் பிரவுசரும் மட்டும் ஓடும் இயந்திரத்துக்கு அது தேவையே இல்லை. 30 வாட் குவாட்ரோ பி400 ஒன்றைப் போட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

சூட்டைக் குறைப்பது

முதலில் ‘டாப்’ போட்டு, சும்மா இருக்கும்போதும் சிபியுவைத் தின்னும் ப்ராசஸ் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைல் இண்டெக்ஸ் செய்யும் சேவையோ மறந்துபோன பிரவுசர் டேபோ ஒரு கோரை முழுவதுமாக ஓட்டிக்கொண்டிருந்தால் ஃபேன் ஏறத்தான் செய்யும்.

அடுத்தது தூசி. வெளியிலிருந்து பார்த்தால் ஹீட் சிங்க் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனைக் கழற்றினால் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரி தூசி படிந்திருக்கும். ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு காற்றடியுங்கள். சும்மா விட்டு அடித்தால் அது தன் வேக வரம்பைத் தாண்டிச் சுற்றி பேரிங் கெடும். பவர் சப்ளை ஜன்னல், முன்பக்கத் தட்டின் உட்புறம், கார்டின் ப்ளோயர் வாய் ஆகிய மூன்றையும் விட்டுவிடக் கூடாது.

பத்து ஆண்டுக்கு மேலான தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகிப் போயிருக்கும். இயந்திரத்தைப் பத்து நிமிடம் லோடில் ஓட்டி, அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, சூடு இருக்கும்போதே ஹீட் சிங்கை லேசாகத் திருகி எடுங்கள். ஹெச்பியில் டி15 டார்க்ஸ் ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் இரு பக்கத்தையும் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட் வையுங்கள். ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றாக முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஹீட் சிங்க் சாய்ந்து உட்காரும்.

பலர் விட்டுவிடும் இடம் நார்த்பிரிட்ஜ், அதாவது சிபியுவையும் கார்டுகளையும் இணைக்கும் சிப். டி3500, இசட்400 தலைமுறையில் எக்ஸ்58 சிப்செட்டும், இரட்டை சிபியு கொண்ட டி5500, இசட்600 போன்றவற்றில் இன்டெல் 5520 சிப்செட்டும் இருக்கின்றன. எக்ஸ்58 சுமார் 24 வாட், 5520 சுமார் 27 வாட் சூட்டைத் தரக்கூடியது. சிபியு 45 டிகிரியில் குளிர்ச்சியாக இருந்தும் ஃபேன் அலறினால் அந்தச் சிறிய ஹீட் சிங்கின் பேஸ்ட்டைப் பாருங்கள்.

சிபியு மாற்றுவதும் நல்ல வழி. டி3500, இசட்400 போன்றவற்றில் 130 வாட் எக்ஸ்5690 இருந்தால் அதற்குப் பதில் 95 வாட் எக்ஸ்5650 போடலாம், வேகம் குறைந்தாலும் கோர் எண்ணிக்கை ஆறுதான். காசு செலவழிக்க மனமில்லையென்றால் டர்போவை (சிபியு தன் அடிப்படை வேகத்தைத் தாண்டி ஏறும் வசதியை) நிறுத்துங்கள். சாண்டி பிரிட்ஜும் (டி3600, இசட்420 காலத்து இன்டெல் சிபியு) அதற்குப் பிந்தையதும் என்றால் /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/இன்டெல்_பிஸ்டேட் கோப்பகத்தில் நோ_டர்போ என்ற ஃபைலில் 1 எழுத வேண்டும். டி3500, இசட்400 காலத்து சிபியுக்களில் அந்த இன்டெல்_பிஸ்டேட் டிரைவர் வேலை செய்யாது. அங்கே /சிஸ்/டிவைசஸ்/சிஸ்டம்/சிபியு/சிபியுஃப்ரீக் கோப்பகத்தில் பூஸ்ட் என்ற ஃபைலில் 0 எழுதுங்கள். டர்போ இல்லாமல் ஓட்டும்போது லோடில் பல டிகிரி குறையும், அன்றாட வேலையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

பயாஸில் என்ன இருக்கிறது

ஹெச்பி இசட் வரிசையில் ஆன் செய்தவுடன் எஃப்10 தட்டி, பவர் மெனுவில் தெர்மல் பகுதிக்குப் போனால் ‘ஃபேன் ஐடில் மோட்’ என்று ஒரு பட்டை இருக்கும். அது குறைந்தபட்ச வேகத்தை மட்டும் தீர்மானிக்கிறது. சூடு ஏறினால் ஃபேன் தானாகவே ஏறும் என்பதால் இதைக் கடைசிவரை குறைப்பதில் ஆபத்தில்லை. செகண்ட் ஹேண்ட் இயந்திரம் என்றால் முன்பு வைத்திருந்தவர் அதை உயர்த்தி வைத்திருக்க வாய்ப்புண்டு. ஒவ்வொரு முறை பிளக்கை எடுத்து மாட்டியபின்பும் இந்த அமைப்பும் தேதியும் மாறிப்போனால், போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

லினக்ஸுக்கு என்ன தெரிகிறது?

டெபியன், உபுண்டுவில் எல்எம்-சென்சார்ஸ், ஃபேன்கன்ட்ரோல் என்ற இரண்டு பேக்கேஜ்களையும் நிறுவுங்கள். ‘சுடோ சென்சார்ஸ்-டிடெக்ட்’ ஓட்டி, அது தரும் இயல்பான பதிலையே எல்லாக் கேள்விக்கும் ஏற்றுக்கொண்டு, கடைசியில் மாட்யூல் பெயர்களை எழுத அனுமதி கொடுங்கள். ரீபூட் செய்து ‘சென்சார்ஸ்’ என்று அடித்தால் மூன்றில் ஒரு நிலைமை தெரியும்.

கோர்டெம்ப் (சிபியு கோர்களின்) வெப்பநிலைகள் மட்டும் வந்து ஃபேன் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எதுவும் வராமல் இருந்தால், போர்டின் கன்ட்ரோலரை லினக்ஸுக்குத் தெரியவில்லை. ஹெச்பி இசட் வரிசையில் பெரும்பாலும் இதுதான் நிலை. கெர்னல் 6.5-இலிருந்து வரும் ஹெச்பி-டபிள்யூஎம்ஐ-சென்சார்ஸ் மாட்யூல் சில மாடல்களில் ஆர்பிஎம் காட்டும், ஆனால் படிக்க மட்டும்தான், வேகத்தை மாற்ற முடியாது. மேலே சொன்ன பயாஸ் பட்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான், இல்லையென்றால் கடைசியில் சொல்லும் வெளிக் கன்ட்ரோலர்.

ஆர்பிஎம் தெரிந்து, லினக்ஸ் சென்சார்களைக் காட்டும் /சிஸ்/கிளாஸ்/ஹெச்டபிள்யூமான் கோப்பகத்தின் கீழே, ஃபேன் வேகத்தை எழுதும் பிடபிள்யூஎம்1 என்ற ஃபைலும் இருந்தால் கட்டுப்பாடு உங்கள் கையில். நுவோடான், வின்பாண்ட், ஐடிஇ சிப்கள் இருக்கும் போர்டுகள் இந்த வகை. சிப் இருந்தும் என்சிடி6775 அல்லது ஐடி87 மாட்யூல் ஏற மறுத்து, ‘டிமெஸ்ஜி’ காட்டும் கெர்னல் பதிவில் ஏசிபிஐ ரிசோர்ஸ் மோதல் (அந்தச் சிப்பை பயாஸ் தனக்கென்று பிடித்து வைத்திருப்பது) என்று வந்தால், ஏசிபிஐ_என்ஃபோர்ஸ்_ரிசோர்சஸ்=லாக்ஸ் என்பதை க்ரப் பூட் லோடரின் கெர்னல் வரியில் சேர்த்தால் ஏறும். இதைச் செய்தால் பயாஸும் லினக்ஸும் ஒரே சிப்பை ஒரே நேரத்தில் தொடக்கூடும். ஒரு வாரம் கவனித்து, வெப்பநிலையில் அபத்தமான எண்கள் வந்தால் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது நிலைமை டெல். அதைத் தனியாகப் பார்ப்போம்.

ஃபேன்கன்ட்ரோலை நன்றாக அமைப்பது

பிடபிள்யூஎம்1 ஃபைலில் 0 முதல் 255 வரை எழுதலாம். பிடபிள்யூஎம்1_எனேபிள் ஃபைலில் 1 இருந்தால் கைக்கட்டுப்பாடு, 2 அல்லது அதற்கு மேல் என்றால் சிப்பின் தானியங்கி, 0 என்றால் முழு வேகம். எதையும் மாற்றும் முன் அதில் இப்போது என்ன இருக்கிறது என்று ‘கேட்’ போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப அந்த எண் வேண்டும்.

‘சுடோ பிடபிள்யூஎம்கான்ஃபிக்’ ஒவ்வொரு ஃபேனையும் சில நொடி நிறுத்தி, எந்தக் கட்டுப்பாடு எந்த ஃபேனுக்கு என்று கண்டுபிடிக்கும். அந்த நேரத்தில் வேறு எந்தக் கனமான வேலையும் ஓடக் கூடாது. அது எழுதும் /இடிசி/ஃபேன்கன்ட்ரோல் ஃபைலின் இயல்பு எண்கள் யாருக்கும் பொருந்துவதில்லை, கையால் திருத்த வேண்டும்.

மின்ஸ்டாப், மின்ஸ்டார்ட் இரண்டையும் உங்கள் ஃபேனில் அளந்தே போடுங்கள். 255-இலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஐந்து நொடி பொறுத்து ஃபேன்1_இன்புட் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அது 0 ஆகும் இடத்துக்கு முந்தைய எண்ணோடு 15 கூட்டினால் மின்ஸ்டாப். பிறகு 0-இலிருந்து மேலே ஏற்றுங்கள். நின்ற ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும் எண்ணோடு 20 கூட்டினால் மின்ஸ்டார்ட். நின்ற ஃபேனைக் கிளப்ப, ஓடும் ஃபேனைத் தக்கவைப்பதைவிட அதிக விசை வேண்டும், எனவே மின்ஸ்டார்ட் எப்போதும் பெரிதாகவே வரும்.

எடுத்துக்காட்டாக: மின்டெம்ப் 45, மேக்ஸ்டெம்ப் 72, மின்ஸ்டார்ட் 90, மின்ஸ்டாப் 60, மின்பிடபிள்யூஎம் 60, மேக்ஸ்பிடபிள்யூஎம் 255, இன்டர்வெல் 5, ஆவரேஜ் 4. 45 டிகிரிக்குக் கீழே ஃபேன் 60-இல் ஓடும். 45-க்கும் 72-க்கும் நடுவில் டிகிரிக்கு சுமார் 7 வீதம் ஏறும், 55 டிகிரியில் 132 வரும். 72-இல் முழு வேகம். சிபியு ஃபேனுக்கு மின்பிடபிள்யூஎம் 0 வைத்து முழுவதுமாக நிறுத்தும் யோசனை வேண்டாம். 60-இல் ஓடும் நல்ல ஃபேனின் சத்தம் காதுக்கு எட்டாது, நின்று நின்று கிளம்பும் ஃபேன்தான் எரிச்சல் தரும்.

ஆவரேஜ் என்ற வரியைப் பலர் போடுவதே இல்லை. கோர் வெப்பநிலை பிரவுசரில் ஒரு பக்கம் திறந்ததும் பத்து டிகிரி குதித்து, மறுநொடி இறங்கிவிடும். ஃபேன் ஒவ்வொரு குதிப்புக்கும் பின்னால் ஓடினால் மேலும் கீழுமாக ஊளையிடும். சீரான இரைச்சலைக் காது மறந்துவிடும், ஏறி இறங்குவதை மறக்காது. கடைசி நான்கு அளவீடுகளின் சராசரியை எடுக்கச் சொன்னால் இது அடங்கிவிடும்.

மின்டெம்ப் எண்ணை உங்கள் அறைக்கேற்ப வையுங்கள். அறை 24 டிகிரியிலிருந்து 36-க்குப் போனால் சிபியுவின் சும்மா இருக்கும் வெப்பநிலையும் ஏறத்தாழ அதே 12 டிகிரி ஏறும். மார்கழி மாத இரவில் 38 என்று பார்த்து மின்டெம்ப் 40 வைத்தவர்களின் ஃபேன் சித்திரை வெயிலில் நாள் முழுக்க மேலேதான் இருக்கும். மே மாதப் பிற்பகலில் ஐடில் வெப்பநிலையை அளந்து, அதற்கு இரண்டு டிகிரி மேலே வைப்பதே சரி.

முன்பக்கக் கேஸ் ஃபேனை சிபியு வெப்பத்தோடு கட்டுவதைவிட ஹார்ட் டிஸ்க் வெப்பத்தோடு கட்டினால் பொருத்தமாக இருக்கும். கெர்னல் 5.6-இலிருந்து டிரைவ்டெம்ப் என்ற மாட்யூல் உண்டு. அதை ஏற்றினால் டிஸ்க் வெப்பமும் ஹெச்டபிள்யூமானில் வரும், எந்த ஃபேன் எந்த வெப்பநிலையைப் பின்பற்றும் என்று சொல்லும் எஃப்சிடெம்ப்ஸ் வரியில் அதைக் காட்டலாம்.

வேகத்தை எவ்வளவு குறைத்தால் போதும்? ஃபேன் வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே சத்தம் ஏறத்தாழ 5 டெசிபெல் இறங்கும், காற்றோட்டமோ அதே 20 சதவீதம்தான் குறையும். பாதியாகக் குறைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

எங்கே சொதப்பும்? கெர்னல் புதுப்பித்தபின் ஹெச்டபிள்யூமான்2 என்பது ஹெச்டபிள்யூமான்3 ஆகிவிடும். /இடிசி/ஃபேன்கன்ட்ரோலில் சிப்பின் இடத்தையும் பெயரையும் குறிக்கும் டெவ்பாத், டெவ்நேம் வரிகள் பொருந்தாததால் ஃபேன்கன்ட்ரோல் கிளம்ப மறுக்கும். அது பாதுகாப்புக்காகச் செய்வது. அந்த வரிகளை அழித்துவிட்டு ஓட்ட முயன்றால் தவறான சென்சாரைப் பார்த்துக்கொண்டு சிபியுவைச் சுட்டுவிடும். /இடிசி/மாட்யூல்ஸ் ஃபைலில் மாட்யூல்களை ஒரே வரிசையில் எழுதி வைத்தால் எண்கள் பெரும்பாலும் மாறாது. சஸ்பெண்டிலிருந்து எழுந்தபின் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால், சிப் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஃபேன்கன்ட்ரோல்’ போட்டால் அடங்கும், அதையே சிஸ்டம்-ஸ்லீப் கோப்பகத்தில் ஒரு சிறிய ஸ்கிரிப்டாக வைத்துவிடலாம்.

டெல் இயந்திரங்களின் தனி வழி

டெல்லில் கட்டுப்பாடு பயாஸின் எஸ்எம்எம் (லினக்ஸைச் சற்று நிறுத்திவிட்டு பயாஸின் நிரல் ஓடும் சிபியு நிலை) வழியாகப் போகிறது. அதற்கான மாட்யூல் டெல்-எஸ்எம்எம்-ஹெச்டபிள்யூமான். ‘மாட்ப்ரோப்’ போட்டும் ஏறவில்லையென்றால் இக்னோர்_டிஎம்ஐ=1 சேர்த்துப் பாருங்கள். சில மாடல்கள் எதற்கும் பதில் சொல்லாது, அங்கே இந்த வழி இல்லை.

பிடபிள்யூஎம் 0 முதல் 255 வரை காட்டினாலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் மூன்றே படிகள்: நிறுத்தம், மெதுவு, வேகம். எழுத வேண்டியவை 0, 128, 255. நடுவில் 90, 110 என்று எழுதினாலும் அருகிலுள்ள படிக்குத்தான் போகும். அதனால் ஃபேன்கன்ட்ரோலின் சரிவுக் கணக்கு இங்கே பயன்படாது. ஐ8கேயூட்டில்ஸ் பேக்கேஜில் உள்ள ஐ8கேமான் படிக்கணக்கில் ஓடுவதால் பொருத்தமானது.

நீங்கள் 128 எழுதிய சில நொடியில் பயாஸ் மறுபடி தன் வேகத்துக்கே கொண்டுபோனால், அதன் தானியங்கி இன்னும் இயங்குகிறது. அதை நிறுத்த பிடபிள்யூஎம்1_எனேபிள் ஃபைலில் 1 எழுத வேண்டும், ஆனால் டிரைவர் அந்த ஃபைலைக் குறிப்பிட்ட சில மாடல்களில் மட்டுமே தருகிறது. அப்படி நிறுத்தினால், உங்கள் டீமன் (பின்னணியில் ஓடும் ஃபேன் சேவை) செத்துப்போனாலும் பயாஸ் காப்பாற்ற வராது. சேவை நிற்கும்போது 2 எழுதும் வரியை சிஸ்டம்டி யூனிட்டின் எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்டில் சேர்க்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

இன்னொன்று: சில டெல் மாடல்களில் ஃபேன் நிலையைக் கேட்கும் ஒவ்வொரு எஸ்எம்எம் அழைப்பும் அரை நொடி வரை இயந்திரத்தையே உறைய வைக்கும். பாட்டு விட்டு விட்டு ஒலித்தால், நொடிக்கொருமுறை சென்சார் படிக்கும் டெஸ்க்டாப் விட்ஜெட்டை முதலில் நிறுத்திப் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு

என்விடியாவின் சொந்த டிரைவர் இருந்தால் எக்ஸார்க் அமைப்பில் கூல்பிட்ஸ் மதிப்பை 4 ஆக்கினால் என்விடியா-செட்டிங்ஸில் ஃபேன் ஸ்லைடர் திறக்கும். ஃபெர்மி தலைமுறைக்கு (குவாட்ரோ 4000 இந்த வகை) 390 வரிசை டிரைவரும் அதற்கடுத்த கெப்ளருக்கு 470 வரிசையும்தான் கடைசி. நூவோ என்ற திறந்த மூல டிரைவரில் ஓடினால் கார்டின் ஹெச்டபிள்யூமான் கோப்பகத்தில் பிடபிள்யூஎம்1_எனேபிள் 2 என்று வைத்து கார்டின் தானியங்கிக்கே விடுவது மேல்.

ஃபேனையே மாற்றும்போது

லேபிளில் அளவையும் தடிமனையும் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான 4 பின் ஃபேனில் கறுப்பு எர்த், மஞ்சள் 12 வோல்ட், பச்சை வேக அளவீடு, நீலம் பிடபிள்யூஎம். டெல் பல மாடல்களில் தன் சொந்த 5 பின் கனெக்டரை வைத்திருக்கிறது, பின் வரிசையும் வேறு. மல்டிமீட்டரால் 12 வோல்ட்டும் எர்த்தும் எது என்று உறுதிசெய்யாமல் வயரை வெட்டி ஒட்டக் கூடாது. 38 மி.மீ. ஃபேன் இருந்த இடத்தில் சாதாரண 25 மி.மீ. ஃபேனை வைத்தால் அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் நெருக்கமான தகடுகளுக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தம் போதாமல் போகலாம்.

புது ஃபேன் மிக மெதுவாக ஓடினால் போர்டு அதைச் செத்த ஃபேன் என்று நினைக்கும். டெல்லில் ‘ப்ரீவியஸ் ஃபேன் ஃபெயிலியர்’ என்று எஃப்1 கேட்டு நிற்கும். ஹெச்பியில் 511 சிபியு ஃபேனுக்கும் 512 கேஸ் ஃபேனுக்கும் வரும் பிழை எண்கள்.

போர்டு எதற்கும் மசியவில்லையென்றால் கோர்செர் கமாண்டர் ப்ரோ போன்ற கன்ட்ரோலரை உள்ளே யூஎஸ்பி ஹெடரில் மாட்டலாம். கெர்னல் 5.9-இலிருந்து கோர்செர்-சிப்ரோ மாட்யூல் அதன் ஆறு ஃபேன்களையும் ஹெச்டபிள்யூமானில் காட்டும். கேஸ் ஃபேன்களை மட்டும் இதற்கு மாற்றி, சிபியு ஃபேனைப் போர்டிலேயே விடுங்கள். லினக்ஸ் உறைந்துபோனால் இந்தக் கன்ட்ரோலர் கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே நின்றுவிடும், சிபியு ஃபேன் அப்படி நிற்கக் கூடாது.

எந்த வழியில் போனாலும் முடிவில் ‘ஸ்ட்ரெஸ்-என்ஜி --சிபியு 0 --டைம்அவுட் 15எம்’ ஓட்டி, இன்னொரு டெர்மினலில் ‘வாட்ச் சென்சார்ஸ்’ திறந்து வையுங்கள். கிரிட் (ஆபத்து எல்லை) என்று காட்டும் எண்ணுக்கு 15 டிகிரி கீழேயே வெப்பநிலை நிலைத்து நிற்க வேண்டும். பதினைந்தாவது நிமிடத்திலும் ஏறிக்கொண்டே இருந்தால் மேக்ஸ்டெம்ப்பை ஐந்து டிகிரி இறக்கி மறுபடி ஓட்டுங்கள். இந்தச் சோதனையைப் பக்கத் தகட்டை மூடிவிட்டுச் செய்ய வேண்டும். திறந்த பெட்டியில் காற்றின் பாதை மாறிவிடுவதால் அங்கே கிடைக்கும் எண்களை நம்ப முடியாது.